கீழ்வீட்டு அக்காவுக்குத் துணை

தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைக்க ஒரு சோதனை வைத்தார்கள். தனியாக இருக்கும் ஒருவருக்கு ஒரு மாதம் பேச்சுத் துணையாக இருக்க வேண்டும். கீழ்வீட்டுத் தையல்கார அக்காவைத் தேர்ந்தெடுத்தேன்.

தினமும் மாலையில் கல்லூரி வகுப்பு முடிந்ததும் போவேன். அக்கா தைப்பார். நான் பட்டன்களை நிறவாரியாகப் பிரித்து வைப்பேன்.

"வேற வேலை இல்லையா உனக்கு? சரி, வந்ததுக்கு ஏதாவது பேசு."

வகுப்பில் வாங்கிய திட்டு, வீட்டு ஞாபகம் என்று எல்லாவற்றையும் கொட்டுவேன். 'இன்றும் அக்காவைப் பேசவிடவில்லையே, தேறுவேனா?' என்று பிறகு நொந்துகொள்வேன்.

மாதக் கடைசியில், யாருக்குத் துணையாக இருந்தோம் என்று சொல்ல நிறுவனத்தில் கூட்டம். முன்வரிசையில் அக்கா! அவரும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தார். மேலாளர் அவரைத்தான் முதலில் பேசச் சொன்னார்.

"எங்க மாடியில ஒரு பையன்மா. பாவம், ஊருக்குப் புதுசு. நான் தேடிப் போகவே வேணாம், தினமும் அவனே வந்து புலம்புவான். பொறுமையா கேட்டுக்கிட்டேன்."

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "நீ எங்கடா இங்க?"

"உங்களுக்குத் துணையா இருந்தேன்னு சொல்ல வந்தேன்க்கா."

கூட்டமே சிரித்தது. வேலை அக்காவுக்குத்தான்.

வாசலில் என் தோளைத் தட்டினார். "நாளைக்கு வந்துடு."

"அதான் உங்களுக்கு வேலை கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்குக்கா?"

"பட்டனை யாருடா பிரிப்பா?"