சுவரொட்டியில் அண்ணன்

"பாலத்துப் பக்கம் போகாதீங்கப்பா, பலகை பெயர்ந்து கிடக்குதாம்."

"அப்படியா? காலையில ஜெபக்கூடத்துக்கு அது வழியாத்தான் போய்ட்டு வந்தேன்" என்றார் நாஹும், தொப்பி தைக்கும் ஊசியில் நூல் கோத்தபடி.

பலகை பெயர்ந்தது மகள் பெய்லா கட்டிவிட்ட கதை. பாலத்தை ஒட்டித்தான் புரோடி ஊரின் ஒரே சினிமாக் கொட்டகை. வாசலில் ஆள் உயரச் சுவரொட்டி. அதில் அவள் அண்ணன் அன்ஷெல், ராஜா வேஷத்தில்!

வியன்னாவில் அச்சகத்தில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன் நாடகத்தில் சேர்ந்து சினிமா வரை போனது வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எதிர்வீட்டுப் பிள்ளை நாடகத்துக்குப் போனபோது அவன் தகப்பன் யூத வழக்கப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டு, ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, உயிரோடிருக்கும் மகனுக்குத் துக்கம் காத்தார். அதன்பின் அந்த வீட்டில் அவன் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தால் அன்ஷெலுக்கும் அதே கதிதான்.

போன வசந்தத்தில் கண் வைத்தியத்துக்காக அவர் வியன்னா போனபோதே அவள் பாதி செத்துப் பிழைத்தாள். திரும்பி வந்தவர், "அன்ஷெலைப் பார்த்தேன். ஓயாத வேலை" என்று மட்டும் சொன்னார். கையில் மையைப் பூசிக்கொண்டு ஏதோ ஓர் அச்சகத்தில் நின்று சமாளித்திருப்பான் என்று பெய்லா நினைத்துக்கொண்டாள்.

"கீட்டலைப் பார்த்துட்டு வரேன்ப்பா."

"போறதுக்கு முன்னாடி என் ஜெபச் சால்வையை மடிச்சு வை. கிழிசல்ல நீ தைச்ச ஒட்டை மூணு வருஷமாப் பார்த்துச் சிரிக்கிறாங்க. கோடெல்லாம் நெடுக்க ஓடுது, உன் ஒட்டு மட்டும் குறுக்க ஓடுது. உன்னை மாதிரியே!"

கீட்டல் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவள்.

"ஏண்டி, திருடி மாதிரி முக்காடு போட்டுட்டு வரே? உங்கண்ணன் நடிக்கத்தானே செஞ்சான், கொலையா பண்ணிட்டான்?"

"மெதுவாப் பேசுடி! படம் எப்போ ஊரை விட்டுப் போகும்?"

"நாளைக்கு. மொத்தமே ஆறு பிரதிதான். பெட்டியில அடைச்சு ரயில்ல ஊர் ஊரா அனுப்புறாங்க. அதுவரைக்கும் உங்கப்பாவைக் கட்டிப் போட்டு வை."

பெய்லா உள்ளே போய் உட்கார்ந்தாள். ஆபரேட்டர் படக்கருவியின் கைப்பிடியைச் சுற்றினார். பேசாத படத்தில் அவர் கையின் வேகம்தான் திரையில் நடப்பவர்களின் வேகம். அவருக்குத் தோள் வலித்தால் ஓடுகிறவனும் தளர்ந்து நடப்பான்.

யூத குருவான ரபியின் மகன் நாடகத்துக்கு ஓடிப்போகிறான், புகழ் பெறுகிறான், பெரிய உபவாச நாளில் ஜெபக்கூடத்துக்குத் திரும்பி வருகிறான். கதை அதுதான். அந்தக் காட்சியைப் பற்றி அன்ஷெல் எழுதியிருந்தான்: "கூட்டத்துக்கு நிஜ தாடிக்காரர்களை யூதத் தெருக்களிலிருந்து கூட்டி வந்தார்கள். நடிகர்களுக்குச் சால்வை போர்த்தவே தெரியவில்லை. சொந்தச் சால்வையோடு வந்தவர்களுக்கு முன்வரிசை!"

திரையில் அன்ஷெல் தலைகுனிந்து உள்ளே வந்தான். கூட்டம் மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெய்லா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா எங்காவது வந்து நிற்கிறாரோ?

மறுபடி திரையைப் பார்த்தபோது, முன்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் நகர்ந்து வந்துகொண்டிருந்தார். தலையை மூடிய சால்வை, முதுகுதான் தெரிந்தது. ஓய்வுநாள் மாலையில் தகப்பன்மார் பிள்ளைகளை ஆசீர்வதிப்பதுபோல, இரண்டு கைகளையும் அன்ஷெலின் தலைமேல் வைத்தார். ரபியாக நடித்தவரே ஒரு கணம் விழித்தார். கதையில் இது இல்லை போலிருந்தது. அன்ஷெலின் தோள்கள் குலுங்கின.

கேமரா நெருங்கியது. அந்த முதுகில், நெடுக்கே ஓடிய கோடுகளுக்கு நடுவே, ஒரே ஓர் ஒட்டின் கோடுகள் மட்டும் குறுக்கே ஓடின.