மூன்றாவது குரல்

உச்சிவெயிலில் ஆய்வுக் கப்பலின் பாய்கள் காற்றில்லாமல் தொங்குகின்றன. கொடியில் காயும் மாணவர்களின் சட்டைகள்கூட அசையவில்லை. மேல்தளத்தில் கீர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திமிங்கல ஒலிக்காகக் கடலுக்குள் இறக்கிய மைக்கில் கேட்பதையெல்லாம் நேரத்தோடு நோட்டில் குறிக்கிறாள். கடலடியில் இறால் கூட்டம் பொரிவதுபோல் எழுப்பும் சத்தத்துக்கு நடுவே, உத்திரமேரூர் வீட்டு வாசலிலிருந்து அவள் அம்மா கூப்பிடுவதுபோல, "கீர்த்தீ..." என்று ஒரு குரல். பென்சில் நிற்கிறது. சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை. அவள் வாயை இறுக்கிக்கொள்கிறாள். உச்சிப்பொழுதில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்வார்கள் அவள் ஊரில். பேய் மூன்று முறை கூப்பிடாது. பதில் சொன்னவரைக் கூட்டிப்போய்விடும். மூன்றாவது குரல் வரவில்லை. "இன்னா கீர்த்தி, திமிங்கலம் இன்னா சொல்லுது?" கூடப் படிக்கும் திருமுக்கூடல் மோகன்குமார் டீயோடு வருகிறான். போன மாசியில் அம்மாவைப் பறிகொடுத்தவன். "பேர் சொல்லிக் கூப்புடுது. ரெண்டே வாட்டி." "திமிங்கலத்துக்கு உன் பேர யாரு சொன்னா? குடு இங்க." மாட்டிக்கொள்கிறான். சிரிப்பு உதட்டில் அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மாறுகின்றன. "டேய், வாயத் தொறக்காத" என்று கீர்த்தி அவன் கையைப் பிடிக்கிறாள். "தோ வரேம்மா" என்கிறான், முதல் குரலுக்கே. கொடியில் சட்டைகள் அசையவில்லை. தலைக்கு மேல் பெரிய பாய் மெல்லப் புடைக்கிறது.