கறுப்பியின் பங்கு

இரண்டு குதிரைகளும் ஒரே கொட்டிலில்தான் நின்றன. ஆனாலும் நுவரெலியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் நிரோஷனின் சாதுவான செவலையையே தேடி வந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே செல்லையாவுக்கு வயிறெரிந்தது.

தேயிலைத் தோட்டங்கள் வழியாகக் குதிரைப் பயணம் நடத்தும் கஜனி, இன்று குதிரை பார்க்க வந்திருந்தாள். சோதித்துப் பார்க்க, குதிரைகளின் முகத்துக்கு நேரே குடையைப் படாரென்று விரித்தாள். செல்லையாவின் கறுப்பி காதைக்கூட அசைக்கவில்லை. செவலையோ நிலத்தில் நிற்காமல் துள்ளியது.

"ஏறுறவங்களத் தள்ளி விட்டுரும் மிஸ்," என்றான் செல்லையா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"வாறவைக்குச் சாதுவான குதிரையள் எங்களிட்ட ஏழெட்டு நிக்குது," என்றாள் கஜனி. "முன்னுக்குப் போற வழிகாட்டிக்குத்தான் துடிப்பானது தேடினனான். தம்பி, செவலையோட நீங்களும் எங்களிட்ட வேலைக்கு வாங்கோ."

நிரோஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பூனை மாதிரி இருந்துச்சு அண்ணே. ஒரு வாரமாத்தான் இந்தத் துள்ளல். என்ன மாயமோ தெரியல."

ஒரு வாரமாகச் செவலையின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்த தன் பங்குக் கொள்ளுக்காக, கறுப்பி செல்லையாவின் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது.