ரெண்டாவது குழாய்

செல்வப்பிரியாவோட அக்கா தாரணிக்கு ஆறாம் மாசம். வயித்துப் புள்ளைக்கு மூத்திரப் பாதை அடைச்சுக்கிச்சுன்னு, ஊசி வழியாப் புள்ளை வயித்துல சின்னக் குழாய் ஒண்ணு வெச்சாங்க.

"வாய்க்கா அடைச்சா பக்கத்துல வெட்டித் தண்ணிய உடுவமுங்களே, அப்படியா?"ன்னு சித்தூர்ல வயலு வெச்சிருக்கிற அப்பா கேட்டாரு. குழாய் வெச்ச மலையாளத்து டாக்டரம்மா சிரிச்சாங்க.

மறுவாரம் ஸ்கேன்ல பாத்தா, அந்தக் குழாய் புள்ளைய உட்டு நழுவி மெதந்துட்டு இருந்துச்சு.

"புள்ள போயிருமுங்களா?"ன்னு செல்வப்பிரியா அழுதா.

டாக்டரம்மா திரையவே பாத்தாங்க. புள்ள வயித்துல இன்னொரு குழாய் இருந்துச்சு. அதுலருந்து தண்ணி வந்து புள்ளையச் சுத்தி நெறஞ்சுது.

"ஞான் ஒண்ணுதான் வெச்சது"ன்னாங்க மெதுவா.

அக்கா வயித்துல ஊசி குத்துன தழும்பும் ஒண்ணுதான். உள்ள, புள்ள அந்த ரெண்டாவது குழாயக் கழண்டுறாம கையில புடிச்சிருந்துச்சு.