ஏரி பார்த்த வீடு

"இந்தம்மாவுக்குக் காலி பண்ண மனசில்லக்கா. அதான் வர்றவங்களை எல்லாம் இப்படிப் பயமுறுத்தி விரட்டுறாங்க" என்று அக்காவின் காதைக் கடித்தான் தம்பி.

அக்கா தபால் ஆபீசிலிருந்து சமீபத்தில்தான் ரிட்டயர் ஆகியிருந்தாள். கைக்கு வந்த பணத்தை எதில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவளிடம், கல்யாண போட்டோ எடுக்கும் தம்பிதான் இந்த யோசனையைச் சொன்னான். ஏரிக்கரையில் சின்னதாக ஒரு வீடு வாங்க வேண்டியது. இன்டர்நெட்டில் போட வேண்டியது. லீவுக்கு வருகிறவர்கள் ரெண்டு நாள் தங்குவார்கள், வாடகை கொடுப்பார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள்.

"நீ காலை நீட்டிக்கிட்டு உக்காருக்கா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் இந்த ஊருக்கு வந்தார்கள். வரும் வழியில் புரோக்கரின் ஸ்கூட்டர் பஞ்சர். "வீட்ல ஆள் இருப்பாங்க சார், நீங்க பாத்துக்கிட்டிருங்க" என்று போனில் சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்த அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி உள்ளே கூப்பிட்டார். முன்னறை ஜன்னல் முழுக்க ஏரி. அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றார் அந்த அம்மா. "இது மழை முடிஞ்ச நேரம். வெயில் காலத்துல தண்ணி அதோ, அந்த ஒத்தை மரம் வரைக்கும் போயிடும். இங்கேருந்து பாத்தா வெறும் சேறுதான்."

"அதுக்கென்னங்க, இப்பவே போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா போச்சு" என்று தம்பி கேமராவை எடுத்தான்.

"வர்றவங்க போட்டோவுலயா தங்கப் போறாங்க?"

தம்பி முகம் சுண்டிப்போனது.

அதோடு விட்டாரா? பின்னறையில் கட்டிலை நகர்த்தி, சுவரில் பூத்திருந்த ஈரத்தைக் காட்டினார். "பெயின்ட் அடிச்சா கொஞ்ச நாள் தெரியாது. அப்புறம் பழையபடி வந்துடும்."

சமையலறைக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "பெரிய மழைன்னா அந்தப் பாலம் முழுகிடும். ஒரு வண்டி வராது. சீசன்னு பாத்தா மூணு மாசம்தான். மீதி நாளெல்லாம் ஈ ஓட்டணும்."

அப்போதுதான் தம்பி அக்காவை ஓரமாக இழுத்துப் போய்க் காதைக் கடித்தது.

பிறகு, பெரிய மனது பண்ணுகிறவன் போலத் திரும்பி வந்தான். "அம்மா, நாங்க வாங்கினாலும் உங்களை அவசரப்படுத்த மாட்டோம். காலி பண்ண மூணு மாசம் டைம் தர்றோம். சரியா?"

"அவ்வளவெல்லாம் வேணாங்க. ஒரு வாரம் போதும்" என்று சிரித்தார் அந்த அம்மா.

வாசலுக்கு வந்ததும், "நடிப்பைப் பாத்தியா?" என்றான் தம்பி.

அக்கா நேராகக் கரைக்கு நடந்தாள். படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரிடம், "வெயில் காலத்துல தண்ணி எதுவரைக்கும் இருக்கும்ங்க?" என்று கேட்டாள்.

அவர் தலையைக்கூடத் தூக்காமல் அதே ஒற்றை மரத்தைக் காட்டினார்.

"அவங்க சொன்னது நெசந்தாண்டா."

"நெசமாவே இருக்கட்டும்கா. வீடு வாங்க வந்தவங்ககிட்ட யாராவது இதைப் போய்ச் சொல்லுவாங்களா? ஏதோ ஒரு ஆதாயம் இல்லாமலா?"

கரையோர டீக்கடையில் உட்கார்ந்தார்கள். அக்கா கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மூணு மாச வாடகை வந்தாலும் எனக்குப் போதும்டா. பென்ஷன் இருக்கு. மத்த நாள்ல இங்க வேலை பாக்கற டீச்சர், நர்ஸ் யாருக்காவது விடலாம். அந்த ஜன்னலும் எனக்குப் புடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன யோசனை?"

"வீட்டை நெனச்சு பயமில்லடா. தெரியாத ஊரு. தெரியாத ஆளுங்க. யாரை நம்பிப் பணத்தைப் போடறது?"

தம்பி, புரோக்கர் வருகிறாரா என்று ரோட்டை எட்டிப் பார்த்தான்.

வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார் புரோக்கர். "பாத்தாச்சா சார்? எப்படி?"

"பாத்தோம். மொதல்ல ஓனர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. அப்படி ஒரு ஆளை உள்ள வெச்சுக்கிட்டு அவர் வீட்டை வித்தாப்லதான். ஈரம், சேறு, பாலம்னு ஒண்ணு விடாம ஒப்பிக்கறாங்க!"

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்ககிட்டயும் சொல்லிட்டாங்களா? வாயத் தொறக்காதீங்கன்னு நானும் படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன். கேட்டாத்தானே?"

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு உங்க ஓனர் எதுக்கு இவ்வளவு எடம் கொடுக்கறாரு?"

"வாடகைக்கா? யாரு?" புரோக்கர் விழித்தார். "அவங்கதான் சார் ஓனர்!"

தம்பி திறந்த வாயை மூடவில்லை.

அக்கா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். முகத்தில் காலையிலிருந்து இல்லாத தெளிவு.

"வாங்க, போய் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடலாம்."

"மேடம்!" புரோக்கரால் நம்ப முடியவில்லை. "இவ்வளவு குறையையும் கேட்டப்புறமா?"

"அதனாலதாங்க. சொல்லாம மறைச்ச குறை ஒண்ணுகூட இல்லாத வீடு, வேற எங்க கெடைக்கும்?"