அத்தான் போட்ட புகார்

“திருட்டுச் சரக்கை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு உனக்கு எப்படிம்மா தூக்கம் வருது?” என்றார் அத்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டர் அவருடைய மைத்துனியுடையது. வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தவளுக்கு, வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை ஒன்று தகைந்திருந்தது. நாளைக் காலையில் கம்பெனிக்காரர்கள் இணையம் வழியாக இந்தக் கம்ப்யூட்டரைச் சோதிப்பார்கள். திருட்டு சாஃப்ட்வேர் ஒன்று அகப்பட்டாலும் வேலை கிடையாது.

அதற்காகத்தான் அக்கா புருஷனின் வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். அதை நாலு பேருக்கு ஞாபகப்படுத்தாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

“எங்க ஆபீஸ்ல என் கை படாம ஒரு கம்ப்யூட்டர் மேசைக்குப் போகாது, தெரியுமில்ல? நீ என்னடான்னா தெருவுல கூவி விக்கிறதை வாங்கிட்டு வந்து நிக்கிற.”

“நான் வாங்கல அத்தான். அக்காதான் எங்கேயோ சொல்லி...”

“ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க. கொஞ்சம் சும்மா இரு.”

மவுஸைப் பிடித்தார். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று, தன் சட்டைப் பைக்குள் கை விடுகிற மாதிரி தேடாமலே போய் ஒன்றைத் திறந்தார்.

“இந்தக் குட்டி புரோகிராமைப் பாரு. காசு கட்டியாச்சுன்னு கம்ப்யூட்டரை ஏமாத்துறதே இதுக்கு வேலை. ஆன்டிவைரஸ்கிட்ட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதேன்னு வேற சொல்லி வெச்சிருக்கான். லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு பாரு, எவனோ ஊர் பேர் தெரியாதவன். இவ்வளவு இருந்தும் உன் கண்ணுக்குப் படல. நீயெல்லாம் கணக்கு எழுதி!”

அவளுக்கு முகம் எரிந்தது. இருந்தாலும் நாளைய சோதனை முக்கியம். “இப்ப என்ன பண்றது அத்தான்?”

“எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் ஏத்தித் தர்றேன். ரெண்டும் இலவசம், ரெண்டும் நேர்மை. நேர்வழியில சும்மா கிடைக்கும்போது திருடுறான் பாரு, அவன் சோம்பேறி மட்டுமில்ல, முட்டாளும்கூட!”

ஆதாரத்துக்கென்று திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். வேலை என்னவோ சுத்தம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கம்ப்யூட்டர் புதுசாகக் கண் விழித்தபோது அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இனி யார் வேண்டுமானாலும் வந்து சோதிக்கட்டும்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அத்தான் நல்ல மனிதர் என்று பேர் வாங்கிப் போயிருப்பார். அவருக்கோ வாய் ஓய்ந்தாலும் கை ஓயவில்லை.

சாஃப்ட்வேர் நிறுவனத்தின் புகார்ப் பக்கத்தைச் செல்போனில் திறந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் குனிந்து, அதில் ஒட்டியிருந்த தயாரிப்பு நம்பரைப் பார்த்து அடித்தார், படங்களைச் சேர்த்தார், கீழே தன் பெயரையும் பதவியையும் போட்டார்.

“இந்த நம்பர் ஒண்ணு போதும். முதல்ல ஏத்தினவன் எவன், எந்த இடத்துலன்னு வேரோட பிடுங்கிருவாங்க. அவன் வேலை போகணும். அப்பதான் புத்தி வரும்.”

“விடுங்க அத்தான், பாவம். யாரோ வயித்துப் பிழைப்புக்குப் பண்ணியிருப்பான்.”

“திருடனுக்கு வக்காலத்தா?” என்று முறைத்துக்கொண்டே அனுப்பிவிட்டார். புகார் கிடைத்தது, விசாரணை தொடங்கும் என்று உடனே பதிலும் வந்தது. அதை அவளிடம் நீட்டிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பையும் குடையுமாக உள்ளே நுழைந்தாள் அக்கா.

“வாம்மா மகாராணி! எந்தத் திருட்டுக் கடையில வாங்கின இதை? சொல்லு, அந்தப் பேரையும் சேர்த்து எழுதிடறேன்.”

அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு, புருஷன் கையில் மின்னிக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தாள்.

“சொன்னா பழசுன்னு நக்கலடிப்பீங்கன்னுதான் சொல்லல. இது உங்க ஆபீஸ்ல கழிச்சு வித்ததை அப்படியே வாங்கினதுங்க.”