இதைவிட வெளிச்சமான ஃபிலிம்

"இதுவும் இருட்டா இருக்கு மச்சான்," என்றார் அத்தான்.

இது நான்காவது ஃபிலிம். காலையிலிருந்து ஐந்து வண்டிக் கண்ணாடிக்கு ஒட்டியிருந்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தது. இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. வேறு ஆளாக இருந்தால் நாளைக்கு வாங்க என்று எப்போதோ அனுப்பியிருப்பேன். அக்கா புருஷனாகப் போய்விட்டார், என்ன செய்வது!

அத்தான் வாடகைக் கார் ஓட்டுபவர். இருபத்தாறு வருடமாக இதே தொழில். அக்கா வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு வண்டியால்தான்.

போன வாரம் ஒரு திருப்பத்தில், சைக்கிளில் போன பெண்ணின் தோளை உரசிவிட்டார். நல்லவேளை, அவள் விழவில்லை. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் போனாளாம். அதற்கு முந்தின வாரம் யார் வீட்டு கேட்டையோ இடித்திருக்கிறார்.

முன்பக்க ஜன்னலில் இருந்த கறுப்பு ஃபிலிம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அத்தானின் கட்சி. அதை மாற்றிவிட்டால் பழையபடி ஓட்டலாம். மாற்றிய பிறகும் இப்படி ஆனால் வண்டியைத் தொடவே விடமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

நானும் ஃபிலிமைத்தான் திட்டினேன். ஏதோ ஒரு புண்ணியவான் ஒட்டிக் கொடுத்திருக்கிறான். நூறு பங்கு வெளிச்சத்தில் எழுபது பங்காவது உள்ளே வர வேண்டும் என்பது சட்டம். ஃபிலிம் அட்டையில் எழுபது என்று போட்டிருந்ததைப் பார்த்து, சரியாக இருக்கிறதே என்று ஒட்டிவிட்டான். காரின் கண்ணாடியே தன் பங்குக்குப் பதினைந்தை விழுங்கிவிடும் என்பதை மறந்துவிட்டான். இந்தக் கணக்கில் ஒரு தடவையாவது கோட்டை விடாதவன் எங்கள் தொழிலில் கிடையாது. நானும் விட்டிருக்கிறேன்.

வெளிச்சம் அளக்கும் கருவியைக் கண்ணாடியில் வைத்தேன். அறுபதுதான் காட்டியது. சூடு காட்டி உரித்தெறிந்தேன்.

அதற்குப் பதிலாக அத்தான் கேட்டது நிறம் மாறும் ஃபிலிம். ஸ்டாண்டில் இன்னொரு வண்டியில் பார்த்தாராம். வெளியே நேராக நின்று பார்த்தால் ஊதா. இரண்டடி தள்ளி நின்றால் பச்சை. உள்ளே இருப்பவருக்கு ஒட்டியதே தெரியாது, சூடும் ஏறாது. கடையில் நாங்கள் அதைப் பச்சோந்தி என்போம். பச்சோந்தியில் பத்து ரகம் வைத்திருக்கிறேன். முன் ஜன்னலுக்குச் சட்டப்படி செல்லுபடியாவது நாலே நாலு.

ஒட்டுவதற்கு முன்னால் நான் எல்லோருக்கும் செய்வது ஒன்று உண்டு. தண்ணீர் தெளித்து ஒரு துண்டைக் கண்ணாடியில் பதித்துவிட்டு, ஓட்டுபவரை அவர் இருக்கையில் உட்கார வைப்பேன். பத்தடி தள்ளிப் போய் விரலைக் காட்டுவேன். சரியாகச் சொன்னால்தான் ஒட்டுவேன்.

முதல் துண்டில் மூன்று விரலை நான்கு என்றார். இரண்டாவதில் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் சுருளை மாற்றி அனுப்பிவிட்டானோ என்று கருவியை வைத்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு. சட்டம் ஒத்துக்கொண்டது, அத்தான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான்காவதுதான் இருப்பதிலேயே வெளிச்சமானது. அதற்கும் இருட்டு என்கிறார்.

"இதைவிட வெளிச்சம் வேணும்னா ஃபிலிமே இல்லாமதான் ஓட்டணும்!"

குரல் உயர்ந்துவிட்டது. சொன்னபிறகு சங்கடமாக இருந்தது. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை போல. முகம் கழுவிவிட்டு வருகிறேன், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று எழுந்து போனார்.

இனி இவர் சரி சொல்லி நான் ஒட்டினாற்போலத்தான். நான்காவதையே ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்து வேலையை ஆரம்பித்தேன். கதவு ரப்பரில் புழுதி அப்பிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் அத்தான் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ம், காட்டு," என்றார்.

வாதாடத் தெம்பில்லை. கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி நடந்தேன். இரண்டு விரலைக் காட்டினேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். நெற்றியில் இன்னும் ஈரம் இருந்தது.

"நாலு," என்றார். உடனே அவசரமாக, "இல்ல இல்ல, மூணு. முன்னதுக்கு இது எவ்வளவோ தேவலை மச்சான். இதையே ஒட்டிடு."

தூக்கிய கையை இறக்க எனக்குத் தோன்றவில்லை.

ரப்பரைத் துடைப்பதற்காக ஜன்னலை அடிவரை இறக்கி வைத்திருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஃபிலிமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிட்டே போய்க் கதவைத் திறந்தேன்.

"சாவியைக் குடுங்க அத்தான்."

எதற்கு என்று கேட்பார், கத்துவார், உன் வேலையைப் பாருடா என்பார் என்று எதிர்பார்த்தேன். சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"உங்கக்காகிட்ட, தோதான ஃபிலிம் கிடைக்கலைன்னு சொல்லிடு."